சரி எது, பிழை எது: வாழ்ந்து பார்த்து அறியும் நியாயம்

மலை சரிந்த மறுநாள் மனிதரின் முன்னால் வந்து நிற்பது பசியும் குளிரும். பாய், போர்வை, பால்மா, மருந்து என்று தேவைகளைப் பட்டியல் போடலாம். பட்டியலைப் பார்த்து உதவியும் வரும். ஆனால் சில வாரங்கள் கழிந்து, நிவாரண லொறிகள் வருவது குறையும்போது வேறு விதமான கேள்விகள் தலைதூக்குகின்றன. அவற்றுக்கு அரிசி மூட்டையால் பதில் சொல்ல முடியாது.

"பழைய லயத்துக்கே திரும்பிப் போவது சரியா?" "கட்டித் தரும் வீடுகள் எல்லோருக்கும் போதாவிட்டால் யாருக்கு முதலில் கொடுப்பது?" "மலையை விட்டு வடக்கே போனால் நல்லதா, அது எமது மக்களைக் கைவிட்டுப் போவதாகுமா?"

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களின் மலைச் சரிவுகளைப் பிளந்து சென்றது. நாடு முழுவதிலும் 600க்கும் அதிகமான உயிர்கள் போயின. லயமும், லயத்தை ஒட்டி லீக்ஸும் கரட்டும் உருளைக்கிழங்கும் போட்டிருந்த பாத்திகளும் ஒன்றாகவே மண்ணுக்குள் போன குடும்பங்கள் பல. அந்தக் குடும்பங்களை மனத்திற்கொண்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது. மேலே சொன்ன கேள்விகள் வெறும் நிர்வாகக் கேள்விகள் அல்ல. அவை அறக் கேள்விகள். அவற்றுக்கு விடை காணும் முறையொன்றை நாம் பழகிக்கொள்ளாவிட்டால், வேறு யாராவது எமக்காக விடை சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னவர்கள் ஏராளம் என்பதே மலையகத்தின் வரலாறு.

இரண்டு சுலபமான பதில்கள்

இத்தகைய கேள்விகள் எழும்போது வழக்கமாக இரண்டு பதில்கள் கிடைக்கும். ஒன்று, "விதி இதுதான்" என்பது. பெயர்ப் பதிவில் இருந்தால் வீடு, இல்லாவிட்டால் இல்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாயிற்று, எமது கடமை முடிந்தது. மற்றது, "நடக்கிறபடி நடக்கட்டும்" என்பது. யாருக்குச் செல்வாக்கு இருக்கிறதோ அவருக்குக் கிடைக்கும், மற்றவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதற் பதில் விதியைத் தெய்வமாக்குகிறது. இரண்டாவது பதில் நியாயம் என்ற ஒன்றே இல்லை என்கிறது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழியொன்று உண்டு. அதை அறிஞர்கள் பயன்வழிக் கொள்கை என்பார்கள். ஆசிரியர் கலாசாலையில் படித்தவர்களுக்கு ஜோன் டூயி என்ற அமெரிக்க அறிஞரின் பெயர் தெரிந்திருக்கும். 1859இல் பிறந்து 1952இல் மறைந்த அவரைச் செய்து கற்றல் என்ற கல்வி முறைக்காகவே நாம் நினைவுகூருகிறோம். அறநெறி பற்றியும் அவர் அதே நோக்கில்தான் சிந்தித்தார். சரி, பிழை பற்றி முன்னோர் தந்த விதிகள் பெறுமதியானவை. ஆனால் அவை கருவிகள். கருவியின் தரம் வேலையிலே தெரியும். ஒரு விதியைப் பின்பற்றியதால் மனிதருக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்து, தேவையானால் அந்த விதியைத் திருத்த வேண்டும் என்பது அவரது கருத்தின் சாரம்.

டூயியிடம் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர்களில் ஒருவர் டொக்டர் அம்பேத்கர். 1936இல் அவர் வெளியிட்ட சாதி ஒழிப்பு என்ற நூலில் விதியையும் தத்துவத்தையும் வேறுபடுத்திக் காட்டினார். விதி 'இப்படிச் செய்' என்று கட்டளையிடும். தத்துவம் எதைக் கொண்டு தீர்மானிப்பது என்று காட்டும். விதியைப் பின்பற்றுகிறவர் தம் செயலுக்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. தத்துவத்தைப் பின்பற்றுகிறவர் சிந்தித்தாக வேண்டும், பொறுப்பும் ஏற்றாக வேண்டும்.

இது எமக்குப் புதிய விடயம் அல்ல. கவ்வாத்து வெட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மலைக்கும் கவ்வாத்து வட்டம் உண்டு. இத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்று கணக்கு இருக்கிறது. அது விதி. ஆனால் கடும் வரட்சியில் வட்டம் வந்துவிட்டது என்பதற்காகக் கத்தியை எடுத்தால் செடி பட்டுப்போகும். செடி பிழைத்து நல்ல கொழுந்து தர வேண்டும் என்பதே தத்துவம். நல்ல கவ்வாத்துக்காரர் கணக்கையும் பார்ப்பார், செடியையும் பார்ப்பார், வானத்தையும் பார்ப்பார். விதியை மீறுவது அவருடைய நோக்கமல்ல. அந்த விதி எதற்காக உண்டாக்கப்பட்டதோ அதைக் காப்பாற்றுகிறார்.

நற்செய்தியிலும் இதையே காண்கிறோம். பசித்த சீடர்கள் ஓய்வு நாளிலே கதிர் கொய்தபோது சட்டம் தெரிந்தவர்கள் குறை கூறினார்கள். இயேசு ஓய்வு நாளை ஒழிக்கச் சொல்லவில்லை. ஓய்வு நாள் யாருக்காக ஏற்பட்டது என்பதை நினைவூட்டினார்.

"நடைமுறைச் சாத்தியம்" என்ற பொறி

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பயனைப் பார் என்றதும், "நாங்களும் அதைத்தானே சொல்கிறோம், நடைமுறைச் சாத்தியமானதைப் பேசுங்கள்" என்று அதிகாரத்தில் உள்ளவர்கள் முன்வருவார்கள். அந்தச் சொல்லால் மலையக மக்கள் அடைந்த காயங்கள் ஆழமானவை.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எமது மக்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கொழும்புக்கும் புதுடில்லிக்கும் இடையே ஏற்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அந்தப் பிரச்சினைக்கு ஒரு நடைமுறைத் தீர்வு என்றே பாராட்டப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு எழுதப்பட்டது. இரண்டு அரசாங்கங்களுக்கும் அது சௌகரியமான கணக்கு. ஆனால் யாரைப் பற்றிய கணக்கோ அவர்களை யாரும் கேட்கவில்லை. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரில் கப்பலேறியவர்களின் அழுகை அந்தக் கணக்கிலே சேர்க்கப்படவில்லை. எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்க 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அதாவது, நடைமுறைத் தீர்வு என்று சொல்லப்பட்டது நடைமுறையில் தீர்வாகவே இருக்கவில்லை.

ஆகவே உண்மையான பயன்வழி நோக்குக்கும் வெறும் சௌகரியத்துக்கும் வேறுபாடு காட்ட மூன்று சோதனைகள் வேண்டும். முதலாவது, பாதிக்கப்படுவோர் தீர்மானத்தில் பங்குகொண்டார்களா? இரண்டாவது, யாருடைய நன்மை தீமைகள் கணக்கில் எடுக்கப்பட்டன, யாருடையவை விடப்பட்டன? மூன்றாவது, தீர்மானம் பிழையென்று தெரிந்தால் அதைத் திருத்த வழி உண்டா? 1964 ஒப்பந்தம் முதல் இரண்டு சோதனைகளிலும் தோற்றது. மூன்றாவதிலோ, திருத்தம் வர ஏறத்தாழ 40 வருடங்கள் சென்றன. கடல் கடந்து போனவர்களுக்கு அது வரவே இல்லை.

"இது நடைமுறைக்கு ஒத்துவராது" என்ற வாதத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. தோட்டங்களிலே பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம் என்பது காலங்காலமான வழமையாக இருந்தது. 1984இல் சம சம்பளம் கிடைத்தது. அதன்பின் கொழுந்து எடுக்கும் கை ஓயவில்லை. தொழிற்சாலையின் சத்தமும் நிற்கவில்லை. அசைக்க முடியாது என்று எண்ணியிருந்த பழக்கங்கள் பல, மாற்றிப் பார்த்தபோது மாறத்தான் செய்தன.

இனி, எம் முன்னால் உள்ள மூன்று கேள்விகளுக்கும் இந்தச் சோதனைகளைப் பொருத்திப் பார்ப்போம்.

லயத்துக்குத் திரும்புவதா?

வேலை அங்கே இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம் அங்கே இருக்கிறது. பசளை போட்டுப் பண்படுத்திய பாத்தியில் மிஞ்சியதும் அங்கேதான் இருக்கிறது. முகாமில் எத்தனை நாள் இருப்பது? திரும்பிப் போக நினைக்கும் தாய் தகப்பனை அறியாமையில் இருப்பவர்கள் என்று கூறுவது அநீதி. அவர்களும் பயனைத்தான் நிறுத்துப் பார்க்கிறார்கள்.

ஆனால் பயன்வழி நோக்கு இங்கே ஒரு முக்கியமான எல்லையைக் காட்டுகிறது. செய்து பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்பது, பிழை திருத்தக்கூடியதாக இருக்கும் இடத்தில் மட்டுமே பொருந்தும். ஒரு பாத்தியில் புதிய விதைக்கிழங்கைப் போட்டுப் பார்க்கலாம். பிழைத்தால் ஒரு போகம் நட்டம். வெடித்து நிற்கும் சரிவின் கீழே பிள்ளைகளைப் படுக்க வைத்துப் பார்க்க முடியாது.

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்ததாகப் பின்னர் சொல்லப்பட்டது. எச்சரித்தவர்கள் விதிப்படி கடமையைச் செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் போவதற்கு ஓர் அடி நிலம் இல்லாதவரிடம் 'போ' என்று சொல்வது எப்படி முழுமையான எச்சரிக்கையாகும்? ஓர் எச்சரிக்கையின் தரத்தைக் கடிதத்தின் திகதியைக் கொண்டு அளக்கக் கூடாது. மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களா என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். காணி அரசாங்கத்துடையது, 1992க்குப் பின் நிர்வாகம் கம்பனிகளுடையது, உயிர் மட்டும் எங்களுடையது என்ற ஏற்பாட்டில், எல்லோரும் தத்தம் கடமையைச் செய்துமுடித்தபின்னும் மக்கள் அதே இடத்திலேயே இருந்தார்கள்.

ஆகவே ஆபத்து வலயம் என்று குறிக்கப்பட்ட லயத்தில் இரவு தங்குவதில்லை என்பதில் உறுதியாக இருப்போம். அதேவேளை, "நீங்கள்தானே போக மறுத்தீர்கள்" என்ற பழியையும் ஏற்க மறுப்போம். மாற்றுக் காணி எங்கே, எப்போது, எத்தனை பேர்ச்சஸ் என்ற கேள்விகளை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் பெறுவோம். இடைக்காலத்தில், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவை ஒவ்வொரு தோட்டத்திலும் பத்துப் பேராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருத்தல், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாதல், 150ஐத் தாண்டினால் வெளியேறுதல். தரையில் புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் அளவு பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

வீடு யாருக்கு முதலில்?

ஒரு முகாமில் 35 குடும்பங்கள், முதற் கட்டமாகக் கிடைப்பது 20 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சொல்வார்: "எல்லோரும் சமம், சீட்டுக் குலுக்குவோம்." இன்னொருவர்: "விதவைகள், வயோதிபர், கைக்குழந்தை உள்ளவர்கள் முதலில்." மற்றொருவர்: "தோட்டத்தில் பெயர் உள்ளவர்களுக்கே முதலிடம், அவர்கள்தானே உழைக்கிறார்கள்." நான்காமவர்: "வீட்டை முழுமையாக இழந்தவர் முன், சுவர் வெடித்தவர் பின்."

இந்த நால்வரும் சுயநலக்காரர்கள் அல்ல. சமத்துவம், இரக்கம், உழைப்புக்கு மதிப்பு, இழப்புக்கு ஈடு என்று ஒவ்வொருவரும் ஓர் உண்மையான நியாயத்தைப் பிடித்திருக்கிறார்கள். அறநூல் எழுதிய பெரியோர்களும் இவற்றில் ஒன்றைத் தலைமையானதாகக் கொண்டு மற்றவற்றை அதற்குக் கீழ்ப்படுத்த முயன்றார்கள். முகாமில் அந்த விவாதத்தைத் தொடங்கினால் விடிந்தாலும் முடியாது. நாங்கள் செய்யக்கூடியது, ஒவ்வொரு வழியிலும் போனால் யாருக்கு என்ன நேரும் என்று பெயர் பெயராகப் பார்ப்பது. பெயர்ப் பதிவை மட்டும் பார்த்தால், வெளியே கட்டட வேலைக்கோ மரக்கறித் தோட்டக் கூலிக்கோ போகும் குடும்பம், மூன்று தலைமுறையாக அதே லயத்தில் பிறந்து வளர்ந்திருந்தும், வெளியே நிற்கும். சீட்டுக் குலுக்கினால் நடக்க முடியாத பாட்டி முகாமிலும், மைத்துனர் வீட்டில் வசதியாகத் தங்கியிருப்பவர் புதிய வீட்டிலும் இருக்க நேரலாம். ஆகவே ஆபத்தையும் இழப்பையும் முதற் படியாகவும், இயலாமையை இரண்டாம் படியாகவும் வைத்து, அதற்குள் சமமாக நிற்பவர்களுக்கிடையே மட்டும் சீட்டுக் குலுக்கலாம் என்பது எனது அபிப்பிராயம். இதைவிட நல்ல ஒழுங்கை உங்கள் கூட்டம் கண்டுபிடித்தால் அதுவே சிறந்தது.

இரண்டு விடயங்களை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒன்று, பட்டியல் எல்லோரும் பார்க்கும் சுவரில் ஒட்டப்பட வேண்டும்; ஆட்சேபிக்க நாட்கள் தரப்பட வேண்டும். திருத்த வழியில்லாத பட்டியல் நியாயமான பட்டியல் அல்ல. மற்றது, 7 பேர்ச்சஸோ அதற்கு மேலோ, உறுதிப்பத்திரத்தில் மனைவியின் பெயரும் இருக்க வேண்டும். பெண்ணின் சம்பளத்தையும் கணவனே போய் வாங்கிவரும் வழக்கத்தின் விளைவுகளை நாம் கண்டிருக்கிறோம். கண்டு அறிந்த பாடத்தை வீட்டு விடயத்தில் மறுபடியும் படிக்கத் தேவையில்லை.

மலையை விட்டுப் போவதா?

2025 பேரிடருக்குப் பின் வடக்கு, கிழக்கில் வந்து குடியேறுங்கள் என்ற அழைப்பும் எழுந்தது. சிலர் அதை விடிவு என்றார்கள். சிலர், மலையகத்தின் பலம் குறைந்துவிடும், போகக் கூடாது என்றார்கள்.

இந்தக் கேள்விக்கு எமது மக்கள் முன்னரும் ஒருமுறை தம் வாழ்க்கையாலேயே பதில் தேடினார்கள். 1973, 1974ஆம் ஆண்டுகளின் தோட்டப் பஞ்சமும் 1977இன் வன்செயலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் துரத்தின. காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள், கச்சானும் உழுந்தும் போட்டார்கள். சொந்த மண்ணில் விவசாயி என்ற பெயரைச் சிலர் முதன்முதலாகப் பெற்றார்கள். அவர்களுக்குத் துணைநின்ற காந்தியம் அமைப்பு 1983இல் நசுக்கப்பட்டது; அதன் தலைவர்களுள் ஒருவரான டொக்டர் ராஜசுந்தரம் அவ்வருடம் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் மாண்டார். போர் அந்தக் குடும்பங்களைத் திரும்பத் திரும்ப இடம்பெயர்த்தது. பலருக்கு வெட்டிய காட்டுக்கு உறுதிப்பத்திரம் கிடைக்கவில்லை. அயலவர் சிலர் அன்போடு ஏற்றார்கள். சிலர் "தோட்டக்காட்டார்" என்று தள்ளியும் வைத்தார்கள்.

இந்த அனுபவம் 'போ' என்றோ 'போகாதே' என்றோ சொல்லவில்லை. எதைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்று சொல்கிறது. காணிக்கு உறுதி உண்டா? வரட்சிக் காலத்தில் தண்ணீர் உண்டா? முதற் போகம் வரும்வரை சாப்பாட்டுக்கு வழி என்ன? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? யானைத் தொல்லை உண்டா? அயல் கிராமத்தவர் கேட்கப்பட்டார்களா? பத்துக் குடும்பங்கள் விரும்பினால் முதலில் இரண்டு மூன்று பேர் போய் ஒரு போகம் இருந்து பார்க்கட்டும். அதுவரை லயத்தில் பெயரையும் வாக்காளர் இடாப்பில் பெயரையும் வெட்டிக்கொள்ள வேண்டாம். சேமலாப நிதியையும் எடுத்துக் கரைத்துவிட வேண்டாம். திரும்பி வரும் பாலத்தை உடைத்துவிட்டு நடக்கும் பயணத்தைப் பரீட்சை என்று சொல்ல முடியாது.

மலையகத்தின் அரசியல் பலம் குறையும் என்ற கவலை நியாயமானது. ஆனால் அந்தப் பலத்தின் பாரத்தைச் சரிவின் கீழே படுக்கும் குடும்பத்தின் தோளில் மட்டும் சுமத்துவது நியாயமல்ல. மக்கள் இங்கே தங்க வேண்டுமென்று விரும்புகிறவர்கள், இங்கே பாதுகாப்பான காணியைப் பெற்றுத்தரப் பாடுபடட்டும்.

அப்படியானால் நிலையான நியாயம் எதுவும் இல்லையா?

சூழ்நிலைக்கேற்ப மாறுவதானால் கடவுளின் கட்டளைகள் எதற்கு என்று சில வாசகர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மாறுவது வழி, மனித மாண்பு மாறாது. பயன் என்று நாம் சொல்வதும் கைக்கு வரும் காசை மட்டும் அல்ல. பொய் சொல்லிப் பட்டியலில் ஏறியவருக்கு வீடு கிடைக்கலாம். ஆனால் அடுத்த மழையில் அயலவரின் கதவைத் தட்ட அவருக்கு முகம் இருக்காது. இந்த விளைவும் கணக்கில் சேர வேண்டும்.

பெல்ஜியத்தில் இளம் தொழிலாளர் மத்தியில் பணியாற்றிய கார்டைன் அடிகளார், பார்த்தல், சீர்தூக்கல், செயற்படல் என்ற மூன்று படிகளைக் கற்றுத் தந்தார். திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1961இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில் இம்முறையை முழுத் திருச்சபைக்கும் பரிந்துரைத்தார். 1972இல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கிய அருட்தந்தை போல் கஸ்பர்ஸ், தோட்ட மக்களின் வாழ்க்கையை நேரில் கண்டறிவதில் இருந்தே தமது பணியை ஆரம்பித்தார். பார்க்காமல் தீர்ப்பிடுவது விதியடிமைத்தனம். சீர்தூக்காமல் செயற்படுவது அவசரம். செயற்பட்டபின் மறுபடியும் பார்க்காமல் விடுவது பொறுப்பின்மை. இந்த மூன்றாவது தவறைத்தான் அரசாங்கமும், கம்பனிகளும், தொண்டு நிறுவனங்களும், திருச்சபையைச் சேர்ந்த நாமும் அதிகமாகச் செய்கிறோம். வீட்டைத் திறந்து வைத்துப் படம் எடுத்தபின், ஒரு வருடம் கழித்துப் போய்த் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பவர்கள் சிலரே.

அடுத்த முகாம் கூட்டத்தில், எந்தத் தீர்மானத்துக்கும் கை உயர்த்துமுன் ஒருவர் எழுந்து நான்கு கேள்விகளைக் கேட்கட்டும். இதனால் பாதிக்கப்படுகிறவர்கள் எல்லோரும் இங்கே இருக்கிறார்களா? இதனால் ஆகக்கூடிய சுமை யார் தலையில் விழும்? பிழைத்தால் திருத்த முடியுமா? எந்த நாளில் மறுபடியும் கூடிப் பார்ப்போம்? கேட்பவர் பெண்ணாக இருந்தால் மிக நன்று. முகாமில் நடப்பது அவர்களுக்கே அதிகம் தெரியும்.

நான்காவது கேள்விக்கு ஒரு திகதியைக் குறித்து, கூட்டறிக்கைப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்திடுங்கள். அந்தத் திகதி வரும்போது தவறாமல் கூடுங்கள்.